மதினி தூங்கி யார் பார்த்தது?

நெய்வேலி,
6-3-1983, ஞாயிறு.

என் அன்பு மதினிக்கு,

தமயந்தி கும்பிட்டு எழுதுவது. அத்தைக்கும் உங்கள் அண்ணாச்சிக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் தங்கச்சிக்கு ஆண் குழந்தை பிறந்த சேதி அத்தை போட்ட கார்டில் தெரிந்தது. சந்தோஷத்தில் துள்ளிவிட்டேன்! ஆனால் பிள்ளை யார் ஜாடை என்று அத்தை எழுதவே இல்லையே? நம் செல்லக்கிளி தம்பிப் பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள அடம்பிடிக்கிறாளா? இங்கே அவளுடைய மரப்பாச்சி ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. தினமும் நான்தான் அதற்குப் பொட்டு வைக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் பாதி பொய்யாகிவிடும். அண்ணன் சௌக்கியம். நன்றாகத் தூங்குகிறார். ஆமாம் மதினி, தூங்குகிறார்! குறட்டைகூட விடுகிறார்! நேற்று கோயில் விசேஷத்துக்கு நம் பிளாக் முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அந்த இரைச்சலிலும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். ஆறு வருஷமாக நீங்கள் வேண்டாத சாமியா, காய்ச்சாத கசாயமா? எதற்காக வேண்டினீர்களோ அது நடந்துவிட்டது. அதைப் பார்க்க வேண்டிய ஆள்தான் வீட்டில் இல்லை.

அத்தை கார்டின் கடைசி வரியில், ஜூனில் செல்லக்கிளியை அங்கே புளியங்குடியில், உங்கள் அம்மா ஊரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாக நீங்கள் சொன்னதாக எழுதியிருந்தார். அண்ணன் அதை வாசித்தார். கார்டை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழாயை மூடவே இல்லை. நான் கதவைத் தட்டிய பிறகுதான் மூடினார்.

பொங்கல் முடிந்து நீங்கள் கிளம்பியபோது, தங்கச்சி பிரசவத்துக்குத் துணையாக இருந்துவிட்டுப் பத்து நாளில் வருவேன் என்றீர்கள். பெட்டிக்குள் உங்கள் தையல் டப்பாவும் போனதை நான் பார்த்தேன். பத்து நாளுக்கு அது எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், அவ்வளவு மக்கு நான். ஏன் போனீர்கள் என்று நீங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். தப்பாக இருந்தால் திட்டி ஒரு கார்டு போடுங்கள். திட்டாவது வரட்டும்.

அண்ணன் மைன்ஸில் ஷிப்டில் இருந்த காலத்தில் நான் ஊரில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் படுப்பார். நீங்கள் கேட்டில் அந்தச் சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவீர்கள். அதைக் கண்டால் கீரைக்கார நாகம்மாள் கூவாமல் வந்து கூடையை இறக்குவாள். தபால்காரர் மணி அடிக்க மாட்டார். உங்களைப் பார்த்துத்தானே மற்ற வீடுகளிலும் துண்டு கட்ட ஆரம்பித்தார்கள்! இன்றைக்கும் நம் ரோட்டில் கட்டுகிறார்கள் மதினி. யார் கண்டுபிடித்தது என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

அப்புறம் அண்ணனை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஜெனரல் ஷிப்ட், பகல் வேலை மட்டும். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஷிப்ட் போனது, தூக்கம் திரும்பவில்லை. துண்டும் அவிழவில்லை. பொழுது சாய்ந்தால் நம் வீட்டில் ரேடியோ கிடையாது. குக்கர் கிடையாது, பானையில்தான் சோறு. பாத்திரத்துக்கு அடியில் பழைய துணியை விரித்து வைப்பீர்கள். நான் டைப்ரைட்டிங் படிக்க இங்கே வந்த புதிதில் கதவை அறைந்து சாத்திவிட்டேன், நினைவிருக்கிறதா? நீங்கள் திட்டவில்லை. அடுத்த நாள் கதவு விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தீர்கள்.

இனி என் கதை. பாக்கியசாமி சாரை ரேடியோவில் நான்தான் கண்டுபிடித்தேன்! மனசைப் பற்றி அவர் பேசுகிற நிகழ்ச்சி என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். லைப்ரரியில் மனோதத்துவம் என்று அட்டையில் போட்டிருந்த புத்தகம் ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை. நான் எழுதிய கேள்வியை அவர் வாசித்து, "நெய்வேலி தமயந்தி நல்ல கேள்வி கேட்டிருக்காங்க" என்று சொன்னபோது அடுப்படியில் குதித்தேன். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். நீங்கள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. இப்போதுதான் அது உறைக்கிறது.

தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரை இல்லாமல், பழக்கத்தை மாற்றியே சரிசெய்யலாம் என்று அவர் பேசிய அன்றைக்கே அவரைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்குப் போகலாம் என்று அண்ணனை அரிக்க ஆரம்பித்தேன். சம்மதித்தார். நானும் வரட்டுமா என்று நீங்கள் கேட்டீர்கள். அண்ணன், "நீ எதுக்கு? தூக்கம் வராதது எனக்குத்தானே" என்றார். நீங்கள் உள்ளே போய் எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தீர்கள்.

அவருடைய அறையில் இரண்டு பிரம்பு நாற்காலியும் ஒரு மண்பானையும் தவிர ஒன்றுமில்லை. நான் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, சார் என்றே கூப்பிடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தூங்குவதற்காக வீட்டில் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் ரொம்பப் பெருமையாகச் சொன்னார். துண்டு, குக்கர், சைக்கிள் டியூப், பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவது, எல்லாம். சார் சிரித்துவிட்டார். "பந்தல் போட்டு, பாய் விரிச்சு, ஊரே வாசலைப் பாத்து உக்காந்திருந்தா, வர்ற மாப்பிள்ளையும் பயந்து திரும்பிப் போயிருவான் சார். தூக்கமும் அப்படித்தான்" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் வந்து மூச்சு விடாமல் உங்களிடம் ஒப்பித்தேன். கண் சொக்கினால்தான் கட்டிலுக்குப் போக வேண்டும். படுத்துக்கொண்டு பேப்பர் படிப்பது, கவலைப்படுவது எதுவும் கூடாது. தூக்கம் வரவில்லையா, எழுந்து முன்னறைக்கு வந்து உட்கார வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை சங்கு ஊதும்போது எழுந்துவிட வேண்டும். பகலில் படுக்கவே கூடாது. கை, தோள், முகம் என்று ஒவ்வொன்றாக இறுக்கி இறுக்கி விட வேண்டும். அண்ணன் முகத்தை இறுக்கிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டு சேவியர்ராஜ் அண்ணன் வலிப்பு என்று சாவிக்கொத்தோடு ஓடி வந்தாரே! அதிலும் கடைசி விதி, தூங்க முயற்சி செய்யாதீர்கள், முழித்திருக்க முயற்சி செய்யுங்கள் என்பது. "இதைச் சொல்லவா ஒரு ஆளு இத்தனை வருஷம் படிச்சிருக்கான்" என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். ஆனால் செய்தார். முதல் இரண்டு வாரம் முன்னைவிட மோசம். முகம் கறுத்துப்போய், ஸ்டோர்ஸில் நின்றபடியே ஆடினார். அப்புறம் மெல்ல மெல்லத் தூக்கம் அவரைத் தேடி வர ஆரம்பித்தது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததற்கும் வருகிறேன்.

இனிமேல் வீட்டில் சத்தம் இருக்க வேண்டும் என்று அண்ணன் உத்தரவு போட்டார் அல்லவா? ரேடியோவை அலற விட்டார். நீங்கள் அப்போதும் நுனிக்காலில்தான் நடந்தீர்கள். ஒருநாள் செல்லக்கிளி பின்கட்டு சிமெண்டில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள், கண்ணீர் கொட்டியது, சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தானே பழக்கியிருக்கிறோம். அண்ணன், "ஏளா, அழு, சத்தமா அழு" என்று குரலை உயர்த்தினார். அவள் பயந்துபோய் உங்களைப் பார்த்தாள். நீங்கள் அண்ணனைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை மதினி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள்.

பிறகு கம்பெனி பஸ்ஸில் அண்ணன் பேசிய பேச்சு. தூக்கம் வந்த சந்தோஷத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். "எம் பொண்டாட்டி வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கி வச்சிருந்தா. அவ காட்டின அமைதிதாம்ல என் தூக்கத்தைத் தின்னுருக்கு. பாண்டிச்சேரிக்காரரே சொல்லிட்டாரு" என்றாராம். பஸ் முழுக்கச் சிரிப்பு. சேவியர்ராஜ் அண்ணன் அதை வீட்டில் சொல்ல, மார்த்தாள் அக்கா அதைப் பால் பூத் வரிசையில் வைத்து உங்களிடம், "இன்னா பார்வதி, நீதான் மந்திரம் போட்டு அவரைத் தூங்க வுடாம வச்சிகினு இருந்தியாமே" என்று கேட்டிருக்கிறார். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்களாம். நீங்களும் சிரித்தீர்களாம்.

அன்றைக்குச் சாயங்காலம் கேட்டிலிருந்த துண்டை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டீர்கள். சார் சொன்னபடி நடக்கிறீர்கள் என்று நான் கைதட்டினேன்.

மார்த்தாள் அக்கா போன வாரம் வந்து என்னிடம் அழுதார். "நான் தமாசுக்கு சொல்ட்டேன் தமயந்தி. அது சிரிச்சிகினே பால வாங்கிகினு போச்சு. உள்ள இவ்ளோ வச்சிகினு இருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்? நம்ம வூட்டு ஆம்பளைங்க நைட்டு முடிச்சிட்டு தூங்கறாங்கன்னா அது பார்வதி காட்டிக் குடுத்த வழிதான" என்றார். அவர் மேல் கோபம் வேண்டாம். ஒரு வார்த்தைதானே என்று எல்லாரும் நினைத்தோம். ஆறு வருஷம் ஒருத்தி மூச்சை அடக்கி வாழ்ந்ததன் மேல் போய் விழுந்த வார்த்தை அது.

மதினி, சார் அப்படிச் சொல்லவே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். வீட்டு அமைதியே அண்ணனை முழிக்க வைக்கிறது என்றார், அது உண்மை. அதோடு நிறுத்தவில்லை. "உங்க சம்சாரம் செஞ்சது லேசுப்பட்ட காரியமில்ல. காவல்காரன்கூட இப்படிக் காவல் காக்க மாட்டான். முதல்ல அவங்களை அந்த வேலையிலருந்து விடுவிங்க. போய் அவங்ககிட்ட நன்றி சொல்லிட்டு, அப்புறம் மத்ததை ஆரம்பிங்க" என்றார். அந்த வார்த்தை பாண்டிச்சேரியிலிருந்து நெய்வேலிக்கு வந்து சேரவில்லை. அண்ணன் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. எனக்கோ அவரை நேரில் பார்த்த மயக்கம். விதிகள் மட்டும் மண்டையில் ஏறின.

போன மாதக் கடைசியில் திரும்பப் போனோம். அண்ணன் நன்றாகத் தூங்குவதைக் கேட்டு சாருக்கு அவ்வளவு சந்தோஷம். எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார், "உங்க சம்சாரம் எப்படித் தூங்குறாங்க?"

"நல்லாத்தான்..." என்று ஆரம்பித்த அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். 

சார் விடவில்லை. "நீங்க முழிச்சிருந்த நேரத்துல அவங்க தூங்கினாங்களா?" என்று கேட்டார். இல்லை, அவளும் முழித்துத்தான் இருப்பாள் என்றார் அண்ணன். "சரி, நீங்க தூங்கின நேரத்துல?" யாரும் சத்தம் போட்டுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகம் போன போக்கை நான் பார்க்க முடியாமல் மண்பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே ஏன் மதினியைக் கூட்டிவரச் சொல்லவில்லை என்று சாரிடம் வெடுக்கென்று கேட்டுவிட்டேன். என் சாரிடம், நானே! அவர் கோபப்படவில்லை. "கேட்டிருக்கணும்மா. விட்டுட்டேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் கடலூர் தாண்டி வடலூரை நெருங்கியது. அண்ணன் மெதுவாக, "ஏட்டி, மதினி தூங்கி நீ பாத்திருக்கியா?" என்று கேட்டார். பார்த்திருப்பேனே, ஒரே வீட்டில்தானே இருந்தோம் என்று யோசித்தேன். அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. என் காலடி கேட்டதும் உதட்டில் விரலை வைப்பது நினைவுக்கு வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டில் நடப்பது. எல்லாமே கண் திறந்த மதினிதான். கண்ணை மூடிப் படுத்திருக்கிற மதினி ஒருத்தி என் ஞாபகத்தில் இல்லவே இல்லை. இல்லை அண்ணே என்றேன். நானும் பார்க்கவில்லை என்றார். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது.

வீட்டுச் சமாசாரம் சொல்லவில்லையே. பின்கட்டு மாமரம் இந்த வருஷம் ஏகமாகப் பூத்திருக்கிறது. காற்றில் கரித்தூள் அதிகம், காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் சாம்பலாகிறது. எனக்கு டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை வருகிறது. வேகம் வருகிறது, தப்பும் வருகிறது. சமையல் நான்தான். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார், அதிலிருந்தே குழம்பு எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். நாகம்மாள் இப்போது வாசலில் நின்று தொண்டை கிழியக் கூவுகிறாள். நேற்று கீரைக்கட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னாம்மா, பார்வதி இல்லாம இந்த வூட்டாண்ட கூவறதுக்கே ஒரு மாதிரி கீது. எப்ப வரும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

அண்ணன் உங்களுக்கு எழுத உட்காருகிறார். "பார்வதிக்கு" என்று எழுதுகிறார். அதற்கு மேல் போகவில்லை. கிழித்துவிடுகிறார். நான் எழுதட்டுமா என்று கேட்டேன், எழுது என்றார். என்ன எழுத என்று கேட்டதற்கு, "அவ தப்பா ஒண்ணும் செய்யலன்னு எழுது" என்றார். கொஞ்சம் கழித்து, "வேண்டாம், அதை நாந்தான் சொல்லணும்" என்றார். ஆனாலும் எழுதிவிட்டேன். அவர் நேரில் சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் லீவு போட்டிருக்கிறார். வருகிற சனிக்கிழமை புளியங்குடி வருகிறார். உங்களைக் கையோடு கூட்டிவர என்று நான் நினைத்தேன். இல்லையாம். கூப்பிட மாட்டாராம். பஸ்ஸில் எல்லார் காதிலும் விழ அவமானப்படுத்தியதை உங்கள் அம்மா, அண்ணாச்சி காதில் விழ ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அதன் பிறகு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்கிறார். பள்ளிக்கூட விஷயத்திலும் நீங்கள் சொல்வதுதானாம். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை மதினி. எனக்கு நீங்கள் வர வேண்டும். செல்லக்கிளி இந்த வீட்டில் ஒருதரமாவது கத்தி அழ வேண்டும். நீங்கள் என்னை வாய் நிறையத் திட்ட வேண்டும்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அங்கே, அம்மா வீட்டில், தூங்குகிறீர்களா? தங்கச்சி பிள்ளை அழுதால் நீங்கள்தான் முதலில் எழுந்துவிடுகிறீர்களா? சார் சொன்ன விதிகளையெல்லாம் எழுதி அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இன்னொரு வேலையாக அதையும் உங்கள் தலையில் கட்டுவானேன்?

தென்காசி பஸ் மத்தியானம் வந்து சேரும் என்றார் அண்ணன். அவர் வருகிற நேரம் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள் மதினி. எழுப்ப வேண்டாம் என்று அத்தையிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். அண்ணன் வெளியே உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வரைக்கும் ஆனாலும் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். அப்படி உட்காரலாமா கூடாதா என்று இந்தத் தடவை நான் சாரிடம் கேட்கவில்லை.

உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் எந்தக் குறையும் வராமல் சங்கரநயினார் துணையிருக்கட்டும்.

என்றும் உங்கள்,
தமயந்தி